பொட்டு வைக்காத பிள்ளை

பரசுராமன் முதலில் வெர்னியர் அளவுகோலின் இரண்டு தாடைகளையும் மூடுகிறார். பூஜ்யமும் பூஜ்யமும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். அதன் பிறகுதான் தட்டிலிருந்து வடையை எடுத்து அளக்கிறார். "அம்பத்தெட்டு மில்லி. போன வாரம் அறுவத்திரண்டு இருந்திச்சி. இன்னா கன்னிம்மா, எண்ண வெல ஏறிப்போச்சா?" கடைக்காரி கன்னியம்மா கரண்டியை ஓங்குகிறாள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் தினமும் காலை நாஷ்டா நேரத்தில் நடந்துவந்த கூத்து இது.

பரசுராமன் பம்பு பாகங்கள் வார்க்கும் கம்பெனியில் தரப் பரிசோதகர். அப்போது வயது முப்பத்தாறு. நான் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ். இருவருக்கும் மீஞ்சூரில் ஒரே தெரு, ஒரே ரயில். மற்றவர்கள் பேனா செருகுகிற இடத்தில் அவர் வெர்னியரைச் செருகியிருப்பார். அந்தக் கனத்தில் அவருடைய சட்டைகள் எல்லாம் இடப்பக்கம் தொங்கிப்போய்விட்டன. மேசைமேல் ஒரு ரிஜிஸ்டர், அதில் மூன்றே கட்டங்கள்: ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட். ஓகே ஆன துண்டுக்கு மட்டும் சுண்டுவிரல் நுனியால் பச்சைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைப்பார். சந்தேகம் தீராதவரை மேனேஜரே வந்து நின்றாலும் பொட்டு கிடையாது. "பொட்டு வெச்சா முடிஞ்சிச்சி சார். அப்புறம் நம்ம கையில ஒண்ணுமில்ல" என்பார்.

இப்படிப்பட்ட மனிதரை 2007-இல் ஒரு ஸ்கேன் படம் புரட்டிப் போட்டது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து மனைவி பிரேமா உண்டாகியிருந்தாள். எட்டாம் மாத ஸ்கேனில், குழந்தையின் அடிவயிற்றில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. எந்த உறுப்பில் என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "அத இப்ப சொல்லக்கூடாதுங்க. பொறந்ததும் சொல்றேன்" என்று முடித்துவிட்டார்.

"சொல்லக்கூடாதுன்னா இன்னா சார் அர்த்தம்? கிட்னியா, கொடலா? அவ்ளோ மோசமா?" என்று ரயிலில் என்னைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மாவின் அறை வாசலிலேயே ஒரு பலகை இருந்ததாம், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்று. காத்திருந்த ஒரு மணி நேரத்தில் அதை நாலு தடவை படித்திருக்கிறார். பலகைக்கும் அந்த அம்மாவின் மௌனத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும்தான் தோன்றவில்லை.

அன்றிலிருந்து வடையை அளப்பது நின்றது. ஸ்கேன் படத்தை அளந்தார். அந்தப் பளபளப்புத் தாளில் கருப்பாகத் தெரிந்த வட்டத்தின்மேல் வெர்னியரை வைத்து, பதினாலு மில்லி என்று ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து வேறு இடத்தில் இன்னொரு ஸ்கேன். படத்தை ரயிலிலேயே அளந்தார். பதினொன்று. மறுநாள் கன்னியம்மா கடையில் எங்கள் எல்லோருக்கும் அவர் செலவில் போண்டா. "மூணு மில்லி கொறஞ்சிகிச்சி சார்" என்று சொன்னபோது அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே.

சாயங்காலம் பிரேமா ரிப்போர்ட்டை எடுத்துப் படித்திருக்கிறாள். "இன்னாய்யா, முன்ன முப்பத்தெட்டுனு போட்டிருந்தான், இப்ப நாப்பத்தி மூணுன்றான். வளந்துகினுதான இருக்குது?" இரண்டாவது மெஷின் படத்தைச் சின்னதாக அச்சடித்திருக்கிறது, அவ்வளவுதான். பதினைந்து வருஷமாக அளந்தே சோறு தின்கிற மனிதர், படத்தின் ஓரத்தில் போட்டிருந்த ஸ்கேலைப் பார்க்க மறந்துவிட்டார். "நானே இப்டி பண்ணிட்டனே சார்" என்று மறுநாள் ரயிலில் அவர் சொன்னபோது கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

ஆளுக்கொரு பேச்சு வேறு. ஒரு டாக்டர் தானாக வற்றிவிடும் என்றார். இன்னொருவர், இன்னும் பெரிதானால் முறுக்கிக்கொள்ளும், பிறந்ததும் ஆபரேஷன் செய்ய நேரலாம் என்றார். ரயிலில் கூட வருகிற சடையப்பன், கட்டி என்றால் தர்பூசணி விதைதான் மருந்து என்றார். "எல்லாம் கரெக்டா சொல்ற மாரியே கீது சார். அதான் பேஜாரு" என்றார் பரசுராமன்.

பெண் பிறந்தது. ரெண்டே முக்கால் கிலோ, நல்ல அழுகை. அப்போதுதான் டாக்டரம்மா வாயைத் திறந்தார்: கட்டி இருப்பது இடது சினைப்பையில். பரசுராமன் வாயைப் பிளந்துகொண்டு நின்றாராம். கட்டிலிலிருந்து பிரேமா சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும். பொண்ணுக்கு மட்டும் இருக்கிற எடமா இருந்தாத்தான அவங்க வாய மூடிக்கணும்? உன்கிட்ட சொன்னா நீ அதயும் அளக்கப் போயிடுவியேன்னு சொல்லல."

ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் பார்க்கலாம் என்று முடிவானது. ஜீவிதா என்று பெயர் வைத்தார்கள். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வலது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கப்போன பிரேமாவின் கையைப் பரசுராமன் பிடித்துக்கொண்டார். "வேணாம். இன்னும் இன்ஸ்பெக்‌ஷன் முடியல." அவள் சிரித்தாள், திட்டினாள், ஒருநாள் அழுதாள். அவர் டூட்டிக்குப் போனதும் வைப்பாள்; வந்ததும் வேட்டி முனையால் துடைத்துவிடுவார். "தெருவே பாக்குது, பிள்ளைக்குப் பொட்டு வைக்க வக்கில்லையானு" என்று என் மனைவியிடம் வந்து குமுறினாள். எனக்கே அவர்மேல் கோபம் வந்தது.

ஒரு மாத ஸ்கேனில் நாற்பத்தொன்று. மூன்றாம் மாதம் இருபத்தாறு. இந்தமுறை வெர்னியரைத் தொடவில்லை, ரிப்போர்ட்டைத்தான் படித்தார். ஆறாம் மாத ஸ்கேனுக்கு அவர் கேட்டுக்கொண்டதால் பிரேமா, பிள்ளையோடு நானும் போனேன்.

கட்டி இல்லை. அவர் பெருமூச்சு விடுவதற்குள் டாக்டரம்மா, "எடது சினைப்பையும் தெரியலைங்க" என்றார். கருவிலேயே முறுக்கி, ரத்தம் போகாமல் சுருங்கிப்போயிருக்கலாம். ரொம்பச் சின்னதாக இருப்பதால் கண்ணுக்குப் படாமலும் இருக்கலாம். இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. "வலதுபக்கம் நல்லா இருக்கு. பெரிசாகி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெத்துக்கறதுக்கு ஒண்ணு போதும்."

மீஞ்சூரில் இறங்கி எல்லோரும் அவர் வீட்டுக்கு வந்தோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார்: "நீ சொல்லு சார். கட்டி பூட்ச்சி, அது ஓகே. ஆனா ஒரு பக்கம் இருக்குதா இல்லியானு தெரில. இத எந்தக் கட்டத்துல எழுதுறது?" அவர் என்னை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கேட்கவே பாவமாக இருந்தது.

உள்ளே போயிருந்த பிரேமா பாயில் உட்கார்ந்து ஜீவிதாவின் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தாள். பரசுராமன் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து அலமாரிமேல் வைத்தார். அங்கேயே இருந்த மை டப்பாவைத் திறந்தார். சுண்டுவிரல் நுனியால் தொட்டு, ஆறு மாதமாகத் துடைத்துத் துடைத்து வந்த அந்த வலது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார். பிள்ளை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. அதை மெல்ல விடுவித்துக்கொண்டு மறுபடியும் மையைத் தொட்டார்.

"ஒண்ணு போதும்யா" என்றாள் பிரேமா.

அவர் இடது கன்னத்திலும் வைத்தார்.