அவளுக்கு நான் எழுதிய சிபாரிசு

அந்த உதவித்தொகைக்கு நாங்கள் இரண்டு பேருமே விண்ணப்பித்தோம். வெளியூரில் ஒரு வருடம் தங்கிப் படிக்கும் பயிற்சி. இளைஞர்களைத் தலைமைப் பொறுப்புக்குத் தயார் செய்வார்களாம். விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவர்கள் செலவு. எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்று துறைத்தலைவர் வகுப்பில் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அதற்குள் போனில் லிங்கைத் தேட ஆரம்பித்திருந்தாள். எனக்கு அப்போதே வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

எனக்கு அந்த இடம் கட்டாயம் வேண்டும். கடைசி வருடம் முடியப்போகிறது, வீட்டில் என் ஜாதகத்தை நாலு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வேலைக்கென்று வெளியூர் அனுப்ப அப்பா சம்மதிக்கவே மாட்டார். இப்படி ஒரு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் கல்யாணப் பேச்சை ஒரு வருடம் தள்ளிப்போடலாம் என்று சொல்லியிருந்தார். அவளுக்கு அந்த நெருக்கடியெல்லாம் கிடையாது. அலங்காநல்லூர் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். மகள் எதைக் கேட்டாலும் "ஒனக்குச் சரின்னு பட்டாச் செய்யித்தா" என்கிற அப்பா. அந்த அப்பாவைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.

என்னுடைய இங்கிலீஷ் அவளுடையதைவிட நன்றாக இருக்கும். ஆனால் செமினாரில் அவள் தப்பும் தவறுமாகப் பேசும்போதுதான் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். தெற்குவாசல் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவள் இரண்டு முறை வந்திருப்பாள். நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நாலு வார்த்தைகளை மாற்றிப்போட்டு அவள் என் அம்மாவிடம் பேச, அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மொழியைப் பேச்சு வந்த நாளிலிருந்து நான் பிழையில்லாமல் பேசுகிறேன். எனக்காக அம்மா ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை.

விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் கேட்டிருந்தார்கள். கூடப் படிக்கிற ஒருவர் விண்ணப்பிப்பவரைப் பற்றி எழுத வேண்டும், தமிழிலும் எழுதலாம், ஒளிவுமறைவு கூடாது.

"நீ எனக்கு எழுது, நான் ஒனக்கு எழுதுறேன்" என்றாள். வேறு யாரையும் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒத்தக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்திலேயே அவள் எனக்கான கடிதத்தைப் போனில் எழுதி முடித்துவிட்டாள். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் நீட்டினாள். நான் யார் மனதையும் நோகடிக்க மாட்டேன், பெரியவர்கள் சொல்லைத் தட்டமாட்டேன், மூன்று வருடத்தில் ஒருவரிடமும் சண்டை போட்டதில்லை என்று எழுதியிருந்தாள். படித்து முடித்தபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதற்குமேல் நல்ல பெயர் எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

நான் எழுதியதை அவளிடம் காட்டவில்லை.

அதற்கு முந்தைய வருடம் கல்லூரி வாசலில் சாயங்கால பஸ் எதுவும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் இவள் போய் நடுரோட்டில் நின்றுகொண்டாள். பஸ் பிரேக் போட்டு நின்றது. "ஏம்மா, சாக வேற எடமே கெடைக்கலயா?" என்று டிரைவர் கத்தினார். "நீங்க நிக்காமப் போனா நாங்க என்ன நடந்தாண்ணே போறது?" என்று இவள் கேட்டாள். பிள்ளைகள் எல்லாரும் அவள் பின்னால் போய் நின்றார்கள். நான் மட்டும் மரத்தடியில் ஒதுங்கி நின்று, எங்கள் தெருக்காரர்கள் யாராவது அந்த பஸ்ஸில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கல்லூரி முதல்வர் அவளிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார். தான் தப்பு செய்யவில்லை என்று சொல்லி, எழுதித்தர மறுத்துவிட்டாள். வயலில் இருந்த அவளுடைய அப்பாவை வரவழைத்தார்கள். அப்போதும் அவள் எழுதவில்லை.

இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினேன். ஒளிவுமறைவு கூடாது என்று அவர்களே சொல்லிவிட்ட பிறகு எனக்கு என்ன வந்தது? தான் நினைப்பதுதான் சரி என்பாள், மேலே இருப்பவர்களுக்கு அடங்கமாட்டாள், பொது இடத்தில் குரலை உயர்த்துவாள், சொந்த அப்பாவுக்கே தலைகுனிவு தேடித்தந்தவள் என்று கடைசியில் சேர்த்தேன். அனுப்பிவிட்டு இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

நேர்காணல் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில், வீடியோ காலில் நடந்தது. யாரோடாவது நீங்கள் முரண்பட்டதுண்டா என்று என்னைக் கேட்டார்கள். ஒருநாளும் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். உங்களுக்குச் சரியில்லை என்று பட்டதை மாற்ற ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்வதற்குள் நன்றி சொல்லிவிட்டார்கள். அடுத்து அவள் உள்ளே போனாள். நான் வராந்தாவில் காத்திருந்தேன். முக்கால் மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. நடுவில் இரண்டு மூன்று முறை உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு.

இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. மெயில் வந்த அன்று என்னை பேக்கரிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள்.

"நீ எழுதுன லெட்டர வச்சுத்தேன் பாதிக் கேள்வி கேட்டாங்கடி. பஸ்ஸ மறிச்சது, மன்னிப்பு எழுத மாட்டேன்னது, எல்லாம். நானா இதெல்லாம் சொல்லியிருக்கவே மாட்டேன்."

"எதுவரைக்கும் வாசிச்சாங்க?" என்று கேட்டேன்.

"முழுசா வாசிச்சாங்க. எங்க அப்பாவுக்குத் தலைகுனிவுங்கிற வரைக்கும்." பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "அது மட்டும் நெசமில்லன்னு சொன்னேன். மத்ததெல்லாம் நெசந்தேன்னுட்டேன்."

நான் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அவள் திட்டவில்லை. தன்னைக் கவிழ்க்கப் பார்த்தவளுக்கு எதிரில் உட்கார்ந்து இவளால் எப்படி நிம்மதியாக பன் சாப்பிட முடிகிறது? அந்த மனசையும் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

"அடுத்த வருசமும் எடுப்பாங்களாம். நீ திரும்பப் போடு. ஒனக்கு நான் இன்னும் நல்லா எழுதித் தாரேன்" என்றாள்.

"என்னன்னு எழுதுவ?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். மூன்று வருடம் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். டீ வந்தது, ஆற ஆரம்பித்தது, அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"நீ நல்ல புள்ளடி" என்றாள் கடைசியில்.

நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த மூன்று வருடத்தில் யாருடைய அனுமதியும் இல்லாமல், யார் என்ன சொல்வார்கள் என்று பார்க்காமல் நானாகத் துணிந்து செய்தது ஒரே ஒரு காரியம்தான். அவளைக் கவிழ்க்க அந்தக் கடிதத்தை எழுதினேன். அதற்கும் பலன் அவளுக்குத்தான் போயிருந்தது.