எழுந்து சிரிக்கிற ஷாட்

படம் எடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போவதாக நடித்தவரை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, லென்ஸைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தத் துண்டு எதிலும் சேராது. ஆனாலும் எடுத்தாக வேண்டும். ஒருவரைக் கடைசியாகப் பிணமாகப் பதிவுசெய்து கேமராவை மூடக் கூடாது, அவ்வளவுதான்.

நான் ஒரு முறை அதை எடுக்காமல் விட்டேன். எடுத்துவிட்டதாகப் பொய்யும் சொன்னேன்.

கேபிள் டிவி வந்த புதிது. திருத்தணி மலைமேல் நடக்கும் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் உதவி டைரக்டராக அலைந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் கேபிளில் விண்வெளித் தொடர் போட வேண்டுமாம். கேட்டதும் சிரித்துவிட்டேன். தோளில் இருப்பது கல்யாண கேமரா, ஆசை மட்டும் ராக்கெட்டுக்கு. ஆனால் அந்த மனிதர் கதையைச் சொல்லச் சொல்ல எனக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது.

கே.ஜி.கண்டிகைப் பக்கம் கைவிட்டுப்போன ஒரு கல் குவாரிதான் எங்கள் கிரகம். ஒரு தடவை கிரகத்தின் ஓரத்தில் வெள்ளாடு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டது. அடுத்த வாரம் முழுக்க டீக்கடையில் எங்களைத் தலைகாட்ட விடவில்லை. விண்வெளி உடை என்பது பொதட்டூர்பேட்டையில் நெய்த லுங்கித் துணிக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தது. கப்பலுக்குள் இருக்கும் கருவிகள் எல்லாம் தறியில் நூல் சுற்றும் கட்டைகள். தலைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஊரை நம்பவைத்தோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

கேப்டனாக நடித்தவர் மிஷன் பள்ளியில் அறிவியல் வாத்தியார். எல்லோருக்கும் அவர் சார். வசனத்தில் ஒளியின் வேகம் தப்பாக இருந்தால் திருத்திக்கொண்டுதான் பேசுவார். டைரக்டர் அவருக்குப் போட்ட ஒரே கட்டளை, கேப்டன் சிரிக்கக் கூடாது என்பது. தொடர் முழுக்க சார் சிரிக்கவே இல்லை.

கடைசி வாரத்தில் கேப்டன் சாகிறார். தன் ஆட்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, அந்தக் கிரகத்திலேயே விழுந்து கிடக்கிறார். மாலை ஐந்து மணி இருக்கும். சார் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பாறைமேல் மல்லாந்து படுத்தார். முகமும் மார்பும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் வைத்தேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். ஆனால் மத்தியானத்திலிருந்து வெயிலில் ஓடிய உடம்பு. பாதி ஷாட்டில் மார்பு லேசாக ஏறி இறங்கியது. இன்னொன்று எடுக்கலாம் என்று வாயைத் திறந்தவன், டேப்பில் மீதி மூன்று நிமிஷம்தான் என்று கேமராவுக்குள் தெரிந்ததும் மூடிக்கொண்டேன். இன்னொரு கேசட் பையில் இருக்கிறது என்று நினைத்து வந்திருந்தேன். அது மறுநாள் முகூர்த்தத்துக்கு எடுத்துவைத்த பையோடு வீட்டில் இருந்தது. கப்பல் கிளம்புகிற ஷாட் இன்னும் பாக்கி. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"சார், எழுந்து சிரிச்சிடுங்க" என்றார் டைரக்டர்.

சார் கிறிஸ்தவர். ஞாயிறு காலை ஆராதனையை முடித்துவிட்டு ஷூட்டிங்குக்கு வருகிறவர். இதெல்லாம் எங்களுக்குக் கிடையாது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உங்க மனசுக்குத் திருப்தின்னா செஞ்சிட்டா போச்சுங்க" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் கேமராவில் கண்ணை வைத்து "ரெடி சார்" என்றேன். பொத்தானை அழுத்தவில்லை.

"ஆச்சா?" என்றார் சார்.

"ஆச்சு சார்."

மிச்சமிருந்த டேப்பில் கப்பலைக் கிளப்பினோம். நைலான் கயிற்றில் ஆடி ஆடி மேலே போன அந்தத் தகரக் கப்பலைப் பார்த்து ஊரில் அழுதவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ஆறு மாதம்கூட ஆகவில்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திரும்ப எழவில்லை. அவருடைய பெண் குழந்தைக்கு அப்போது ஒன்பது மாதம்.

இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்து கேமராவை இறக்கினால் பின்னாலிருந்து "ஆச்சா?" என்று குரல் வரும். திரும்பினால் நாதஸ்வரக்காரர் துண்டை உதறிக்கொண்டிருப்பார். கேமராவின் முன்பக்கம் பதிவாகும்போது எரிகிற சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மாப்பிள்ளையிடமே கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸில் கண்டிகைப் பக்கம் போனால் குவாரி தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருவேன். பயம்தான். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

போன மாதம், பழைய தொடர்களைச் சுத்தம் செய்து இணையத்தில் ஏற்றுகிற ஒரு பெண் சென்னையிலிருந்து வந்து என் கேசட்டுகளை வாங்கிப்போனாள். பிறகு போன் செய்தாள். "கேப்டன் செத்தப்புறமும் மூச்சு விடுறாரு சார். கம்ப்யூட்டர்ல நிறுத்திடவா?" என்றாள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவள் அனுப்பியதைப் பட்டப்பகலில்தான் பார்த்தேன். அப்படியும் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன். சார் கிடக்கிறார். மார்பு ஏறுகிறது, இறங்குகிறது. இதோ கண்ணைத் திறக்கப்போகிறார் என்று தோன்றுகிற நொடியில் கேமராவை நிறுத்தித் திரும்ப ஓடவிட்ட இடத்து நீலக் கோடு ஓடி, கப்பல் கிளம்பிவிடுகிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் கோட்டுக்குள்தான் அவரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே சாரின் மனைவி கூப்பிட்டார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். "பழைய கேசட்டையெல்லாம் சுத்தம் பண்றாங்களாமே தம்பி. அவரு எழுந்து சிரிச்சாருல்ல, அது இருக்குமா? கல்யாண போட்டோலகூட உம்முனுதான் நிக்கிறாரு. பொண்ணு அப்பா சிரிச்சதையே பாத்ததில்ல."

நேரில் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் காலை சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். கொடுத்த காபியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேசட்டை மறந்ததை, மூன்று நிமிஷத்தை, அழுத்தாத பொத்தானை.

"தெரியும்" என்றார் அக்கா. "சிவப்பு லைட்டு எரியலன்னு அன்னைக்கே வந்து சொன்னாரு. பாவம், டேப்பு கம்மி போல, சொன்னா அவனுக்கு சங்கடம், அதான் சும்மா சிரிச்சிட்டு வந்தேன்னாரு."

"அப்புறம் ஏன்க்கா கேட்டீங்க?"

"அவரு தப்பா பாத்திருப்பாரோன்னு ஒரு நப்பாச. இத்தினி வருசமா அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பதிவு இல்லன்னா போவுது. நீ கிட்டத்துல இருந்து பாத்தியே, எப்படி சிரிச்சாரு? அதையாவது சொல்லு, பொண்ணுகிட்ட சொல்றேன்."

வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். பல்லுத் தெரியச் சிரித்தார் என்றால் நம்பியிருப்பார். அந்த வீட்டில் இன்னொரு பொய் என்னால் முடியவில்லை.

"நான் பாக்கலக்கா. மீதி எவ்ளோ நிமிஷம் இருக்குதுன்னு அந்த நம்பரையே பாத்துகினு இருந்தேன்."

எழுந்து போய்விடலாமா என்று யோசித்தபோது அக்கா கேட்டார். "அந்த செத்த ஷாட்டாவது இருக்குதா?"

"இருக்குதுக்கா. ஆனா அதுலயும் ஒரு தப்பு. மார்பு அசையுது. கம்ப்யூட்டர்ல நிறுத்தித் தர்றேன்னு சொல்றாங்க."

கையை நீட்டினார். போனில் ஓடவிட்டுக் கொடுத்தேன். முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை விரலைக் கொண்டுபோய்த் திரையில் சாரின் மார்புமேல் வைத்தார்.

"மூச்சு விடுறாரு தம்பி."

"ஆங்."

"நிறுத்த வேணாம்னு சொல்லு. இப்பவே, என் எதிர்ல சொல்லு."

அங்கேயே உட்கார்ந்து சென்னைக்குப் போன் போட்டேன். தப்பு அப்படியே இருக்கட்டும், தொட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தேன்.

"ஆச்சா?" என்றார் அக்கா.

"ஆச்சுக்கா."