கிடை போட்ட நிலம்

ராமேஸ்வரத்தில் குதிரை வண்டிக்குச் சவாரி கிடைப்பது நின்றுபோனதும், என் கணவர் வண்டியை விற்றுவிட்டுக் குதிரையை மட்டும் முதுகுளத்தூர் பக்கம் இருக்கும் என் அய்யாவின் நிலத்துக்குக் கொண்டுவந்தார். நிலம் என்று பேர்தான். முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது.

புல் இல்லாத இடத்தில் குதிரை என்ன செய்யும்? உதிர்ந்து கிடந்த கருவேல நெற்றுகளை, அந்தக் காய்ந்த காய்களைத் தின்றது. ஒரு காலையில் வயிறு உப்பித் தரையில் புரண்டது. கால்நடை மருத்துவர் வந்து எப்படியோ எழுப்பி நிறுத்தினார். "இன்னொரு தடவை தின்னா பிழைக்காதும்மா" என்றார்.

"குதிரையை விக்கத் தரகரை வரச் சொல்லப் போறேன்" என்றார் கணவர்.

"கருவேலத்தை அழிச்சுட்டுப் புல்லு போடுறேன். மழை முடியட்டும். புல்லு வரலைன்னா வித்துக்கங்க" என்றேன்.

பல வருஷம் எங்கள் வீட்டு உலை அந்தக் குதிரையால்தான் கொதித்தது. தரகர் அதை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவாரோ!

விறகை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கி விற்கும் கரிமூட்டக்காரர்கள் வந்து மரங்களை வெட்டினார்கள். அடிக்கட்டையை விட்டு வெட்டுவது அவர்கள் வழக்கம். அது தழைத்தால்தானே மறுபடியும் வெட்ட வரலாம்! நான் விடவில்லை. ஜேசிபியைக் கூப்பிட்டுத் தூரோடு பிடுங்க வைத்தேன். கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவும் முன், ஊரில் எல்லோரும் செய்வதுபோல, உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டேன். ஆடுகளை நிலத்திலேயே அடைத்து வைத்தால் புழுக்கையெல்லாம் மண்ணில் சேரும்.

மழை பெய்தது. நிலம் பச்சை கட்டியது. ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். புல்லுக்குச் சமமாகக் கருவேலங்கன்று! பகலெல்லாம் ஊர் நெற்றைத் தின்ற ஆடுகள், புழுக்கையோடு விதையையும் போட்டுவிட்டுப் போயிருந்தன.

கணவர் வரப்பில் நின்று சிரித்தார். "கருவேல வெவசாயம் அமோகமா வருது."

ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே பிடுங்கினேன். மண்ணில் ஈரம் இருக்கும்வரைதான் கன்று வேரோடு வரும். காய்ந்துவிட்டால் கடப்பாரைக்கும் அசையாது. விடிந்தால் அங்கேதான் கிடந்தேன். விரல் நுனியெல்லாம் முள் கிழித்து எரிந்தது. ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால், கொஞ்சம் தள்ளி அவரும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

புல் கணுக்காலைத் தாண்டி வளர்ந்ததும், அதுவரை கட்டிப்போட்டு வைக்கோல் போட்டுவந்த குதிரையை அவிழ்த்துவிட்டோம். அது நேராக வேலியோரம் போனது. அடுத்த நிலத்து மரத்தின் நெற்றுகள் இந்தப் பக்கம் உதிர்ந்து கிடந்தன. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நான் எட்டு வைப்பதற்குள் அவர் ஓடிப்போய் நெற்றுகளை அள்ளி வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். குதிரை அவர் மடியை மோந்து பார்த்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடித்தது.

அந்த நேரம் பார்த்து அவருக்குத் தரகரிடமிருந்து போன். மழைதான் விட்டுவிட்டதே, குதிரையை ஏற்றிப்போக வரட்டுமா என்று கேட்டார். என் கணவர் குதிரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேஞ்சுக்கிட்டு இருக்குங்க. இப்பக் கூப்பிட்டா வராது."