சேக்காட்டில் ஒரு குவார்ட்டர்ஸ் வீடு

வீடு வாங்கப் போகிறோம் என்று ஒரே ஒரு ஆளிடம் சொன்னால் போதும், சுற்றி இருக்கிற அத்தனை பேரும் வக்கீலாகவும் கொத்தனாராகவும் ஜோசியராகவும் மாறிவிடுவார்கள். எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் நான் பட்ட பாடு இது. அன்றைக்குக் குழம்பிய மண்டை இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் பிறகு என்மேல் பழி போடக் கூடாது.

எங்கள் வீட்டுக்காரருக்கு ராணுவ ஃபேக்டரியில் வேலை. கல்யாணமாகி மதுரைப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்கு வீடு என்றால் குவார்ட்டர்ஸ்தான். மகளைப் பெற்றது, வளர்த்தது, கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியது எல்லாம் அந்த ஒரே வீட்டில். ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அது எல்லோருக்கும் உள்ளதுதான். எங்களுக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார் டாக்டர். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வரும், போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டார்.

தெருவில் நடந்தால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் சட்டென்று விட்டுவிடுவார். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் அவர் ராஜா. கதவைத் திறந்ததும் இடது கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். இடது பக்கம் படுக்கை அறை. நேரே போனால் சமையலறை, அங்கிருந்து வலது பக்கம் திரும்பினால் குளியலறை. எதையும் தடவ மாட்டார், எதிலும் இடிக்க மாட்டார். அந்த வீட்டுக்குள் நடமாட அவருக்குக் கண்ணே வேண்டாம். ஆகவே எனக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். இதே வீடு, வேறு இடத்தில்.

அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. "கண்ணு தெரியாதவன்னு பேரு வாங்கிக்கிட்டு நான் ஒரு தெருவுக்குக் குடிபோக மாட்டேன்" என்று அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். என் அண்ணன் வேறு பூந்தமல்லியில் ஒரு மனை வாங்கிய பெருமையில் இருந்தார். தன்னைவிட்டால் ஆளில்லை என்று நினைப்பு. அவர் எனக்குச் செய்த முதல் உபதேசம், "எது புடிச்சிருக்குன்னு மூஞ்சியில காட்டிடாதே பாப்பா. காட்டினே, விலையை ஏத்திடுவான். நல்ல வீடா இருந்தாத்தான் நாலு குத்தம் சொல்லணும்."

அடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. குவார்ட்டர்ஸில் இரண்டிரண்டு வீடாக ஒட்டிக் கட்டியிருப்பார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் வீட்டில் உப்பு தீர்ந்தால் அவரும், எங்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்தால் நானும் கேட்காமலே எடுத்துக்கொள்கிற பழக்கம். "அந்த வீட்டுத் தண்ணியில ஒரு பிடி பருப்பை வேகப்போட்டுப் பாரு. வேகலைன்னா வீடு தங்கத்தால கட்டியிருந்தாலும் வேண்டாம்" என்றார் அக்கா. அண்ணனோ, "பருப்பாவது ஒண்ணாவது! மூலப் பத்திரம் இருக்கா, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தியா, அதைச் சொல்லு" என்பார். வெயில் காலத்தில் வீடு வாங்காதே, மழையில் போய்ப் பார் என்றார் ஒருவர். மழையில் பார்த்தால் எந்த வீடும் பிடிக்காது, வெயிலில் போ என்றார் இன்னொருவர். தெற்கு வாசல் ஆகாது என்றார்கள். சிலருக்குத் தெற்குதான் யோகம் என்றும் அவர்களே சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

புரோக்கர் ஒருவர் கிடைத்தார். ஆவடிக்காரர், மொபெட்டில் சுற்றுகிறவர், வாயைத் திறந்தால் மூட மாட்டார். முதலில் நூம்பலுக்குக் கூட்டிப் போனார். வாசலில் கொட்டியிருந்த மணல் குவியல் என் வீட்டுக்காரர் கண்ணில் படவில்லை. தடுக்கி விழப் பார்த்தவர் செருப்பு அறுந்ததுபோல நடித்துச் சமாளித்தார். வீட்டுக்கு வந்ததும், "இனிமே நீயே போய்ப் பாரு. உனக்குப் புடிச்சா எனக்குப் புடிச்ச மாதிரி" என்று சொல்லிவிட்டார்.  எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பெரிய காரியத்தை என் தலையில் கட்டிவிட்டு இவர் பாட்டுக்கு ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்!

அதற்குப் பிறகு மாங்காடு, அம்பத்தூர் என்று அலையாத இடமில்லை. ஒரு வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இரண்டு படி. ஒரு வீட்டில் குளியலறை தோட்டத்து மூலையில். அவர் எப்படிப் போவார்? எனக்கு உடனே வேண்டாம் என்று தோன்றும், காரணம் சொல்ல வாய் வராது. புரோக்கர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கத்திவிட்டார்.

"இன்னாமா நீ! தண்ணி கீது, கரண்டு கீது, பஸ்ஸு கீது. எந்த ஊட்டக் காட்னாலும் மூஞ்சியத் திருப்பிகினு போறே. உனக்கு இன்னாதான் வோணும்? அதச் சொல்லித் தொலையேன்!"

சொல்லியிருக்கலாம். அண்ணன் முகம் கண்முன்னால் வந்தது. "பார்க்கலாம்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

சேக்காட்டு வீட்டைப் புரோக்கரே எதிர்பாராமல்தான் காட்டினார். எங்கள் ஃபேக்டரியிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் கட்டிய வீடு. மனைவி தவறிவிட்டார், கோயம்புத்தூரில் இருக்கிற மகனோடு போகப் போகிறார். உள்ளே கால் வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போனது. அதே ஹால், அதே சமையலறை, அதே உயரத்தில் அலமாரி. கேட்காமலே அந்தப் பெரியவர் சொன்னார், "என் சம்சாரம் குவார்ட்டர்ஸ் மாதிரியே வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அளவெடுத்துட்டு வந்து கொத்தனார்கிட்டக் குடுத்தோம்."

அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன். ஆனால் அண்ணன் சொன்ன பாடம் இருக்கிறதே! முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். சமையலறை இருட்டு, தண்ணீரில் உப்பு, மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்குமே என்று அடுக்கினேன். ஆசையாகக் கட்டிய மனுஷர், பாவம், முகம் வாடிப்போனார். என் கவனமெல்லாம் மூஞ்சியை மறைப்பதிலேயே இருந்தது. கண் எதையோ சொல்லியும் மண்டைக்கு ஏறவில்லை.

அங்கிருந்து கொண்டுவந்த தண்ணீரில் பருப்பு பூவாக வெந்தது. அண்ணன் பத்திரங்களைப் புரட்டிவிட்டு, "சுத்தமான சொத்து" என்றார். அட்வான்ஸ் கொடுத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். உங்களுக்கு ஒன்று காட்டப்போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டை விற்கிறவர் கதவைத் திறந்துவிட்டு, கூட வந்த அண்ணனோடு வாசலில் பேசிக்கொண்டு நின்றார்.

"அப்படியே நம்ம வீடுங்க. கையை விட்டுட்டு நடங்க" என்றேன்.

நம்பி நடந்தார். இடது கையைத் தூக்கினார். அங்கே வெறும் சுவர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படுக்கை அறைக்காக இடது பக்கம் திரும்பி ஓர் எட்டு வைத்தார். நெற்றி சுவரில் மோதியது. ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இது நம்ம வீடு இல்லை. அக்கா வீடு."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அக்கா வீடு இங்கே எப்படி வரும்? வெயிலில் வந்ததில் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோனேன். பிறகுதான் உறைத்தது. ஒட்டிக் கட்டிய இரண்டு வீட்டில் ஒன்றில் இடது பக்கம் இருப்பது மற்றதில் வலது பக்கம் இருக்கும். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. இந்த வீட்டைக் கட்டியவர் அளவெடுத்தது அக்கா வீடு மாதிரி ஒன்றை. இத்தனை வருஷமாக அக்கா வீட்டுக்குள் அடுப்படி வரைக்கும் போய்வருகிறவள் நான். என் காலுக்கு இரண்டும் ஒரே வீடுதான். அதனால்தான் எனக்கு இது அப்படிப் பழகிய இடமாக இருந்திருக்கிறது. படுபாவி, இதைக்கூடப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தேனே என்று தரையில் உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டு அண்ணன் உள்ளே ஓடிவந்தார். "டாகுமென்ட் சுத்தம், தண்ணி சுத்தம். இன்னும் என்னதான் வேணும் உனக்கு?" என்றார்.

"எனக்குச் சுவிட்சு இடது பக்கம் வேணும்!" என்று கத்தினேன்.

"சுவிட்சா?" அண்ணன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா அரை மணி நேரத்துல மாத்திக் குடுத்துட்டுப் போறான்."

என் வீட்டுக்காரர்தான் குறுக்கே வந்தார். எனக்குக் கண் போகுது மச்சான், என்றார். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.  பிறகு என் பக்கம் திரும்பி, "அழாதே. இதையே முடிச்சிடு. இன்னும் கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கு. அது இருக்கும்போதே பழகிக்கறேன்" என்றார்.

எங்கே பழகுவது? பத்திரம் பதிந்து சாவி கைக்கு வர மாதக்கணக்கு ஆகும். அதற்கும் அவரே வழி சொன்னார். அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டோம். "இதுக்கு என்ன பெர்மிஷன்? நீங்க பாட்டுக்கு வாங்க தம்பி" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அன்றிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு வராமல் அக்கா வீட்டுக்குப் போனார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவைத் திறப்பார், வலது கையால் சுவிட்சைப் போடுவார், வலது பக்கம் திரும்பிப் படுக்கை அறை, சமையலறைக்குப் போய் இடது பக்கம் குளியலறை. அக்கா வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் காலை மட்டும் மடக்கி வழி விடுவார். முதலில் தினமும் நெற்றியில் ஒரு புடைப்போடு வருவார். நான் மஞ்சள் பற்றுப் போடுவேன். எங்கள் வீட்டுக்குள் வந்தால் இப்போது இங்கேயும் இடித்துக்கொண்டார். இரண்டு வீடும் போயிற்றே என்று நான் பயந்தேன். பிறகு புடைப்பு குறைந்தது, ஒரு நாள் இல்லாமலும் போனது.

சேக்காட்டில் பால் காய்ச்சிய அன்று வந்தவர்களை எல்லாம் அவர்தான் உள்ளே அழைத்துப்போய் அறை அறையாகக் காட்டினார். நான் பூத்தட்டோடு படுக்கை அறைக்குப் போகிறேன் என்று இடது பக்கம் திரும்பிச் சுவரில் மோதிக்கொண்டேன். பூவெல்லாம் தரையில். புரோக்கருக்கு ஒரே சிரிப்பு.

"இன்னாமா, பாத்துப் பாத்து வாங்குன ஊட்ல நீயே முட்டிகினு கீறே? சாரப் பாரு, பொறந்து வளந்த ஊடு கணக்கா போய்கினே கீறாரு!"

புரோக்கருக்கு எதுவும் தெரியாது. நான் பூவைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்து அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

குடிவந்து ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார், டம்ளரைக் கவிழ்த்து வைத்தார், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சமையலறை இருட்டாக இருக்கிறது, வெள்ளை அடித்தால் உங்களுக்குக் கொஞ்சம் பளிச்சென்று தெரியுமா என்று கேட்டேன்.

"இப்ப அடிச்சாலும் ஒண்ணுதான், அடிக்காட்டியும் ஒண்ணுதான்" என்றார்.

கரண்டி கையில் அப்படியே நின்றுவிட்டது. "எப்பலேருந்துங்க?"

"சரியாச் சொல்லத் தெரியலை. தீபாவளிக்கு முன்னாடியே இருக்கும்."

"ஏங்க எங்கிட்டச் சொல்லலை?"

"எங்கேயும் இடிக்கலையே" என்றார். "தோசை தீயுது பாரு."