கூனி என்ற சொல்

எண்ணெய் விடாத வாணலியில் கூனி வறுபடும்போது எழும் கவிச்சி வாடை, அரியலூரில் எங்கள் தெருவின் கடைசி வீடுவரை போகும். நகத்தளவே உள்ள, முதுகு வளைந்த பொடி இறாலைக் காயவைத்து விற்பதுதான் 'கூனி'. கடல் பார்க்காத எங்களுக்கு இறால் என்றால் அது ஒன்றுதான்.

என் தங்கை செல்வி குறைமாதத்தில் பிறந்தவள். பார்க்க வந்த அத்தை, "என்னடி இது, கூனியாட்டம் கெடக்கு!" என்று சிரித்தாளாம். அன்றுமுதல் அதுவே செல்லப்பெயர். கூப்பிட்டால் குதித்துக்கொண்டு ஓடிவருவாள். எழுபதுகளின் நடுவில், மூன்றாம் வகுப்புப் படிக்கையில், முதுகு வலிக்கிறது என்றாள். தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்ததென்று அம்மா தைலம் தேய்த்தாள். வலி போகவில்லை, முதுகு மெல்ல மெல்லக் கூன் விழுந்தது. கடைசியில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனோம். "எலும்புல டி.பி. முதுகெலும்ப அரிச்சிடுச்சு. இவ்ளோ நாள் எங்கம்மா இருந்தீங்க?" என்றார் டாக்டர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அதன்பின் வீட்டில் நாங்கள் அவளைச் செல்வி என்று கூப்பிடப் பழகினோம். தெருப் பிள்ளைகள் பழைய பெயரையே சொன்னார்கள். ஆனால் இப்போது அதற்கு முதுகு வளைந்தவள் என்றுதான் பொருள்.

ஒருநாள் சந்தையில் கருவாட்டுக்காரி, "கூனி! கூனி!" என்று கூவினாள். எங்களோடு நடந்துகொண்டிருந்த செல்வி சட்டென்று நின்று, "அம்மா, என்னையா கூப்புடுறாங்க?" என்றாள்.

"இல்லடி தங்கம், கருவாட்டச் சொல்றாங்க" என்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அன்றோடு அந்தக் கருவாடு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

மருந்தும் மாத்திரையும் அவளை நிமிர்த்தவில்லை. பதினான்கு வயதில் படுத்த படுக்கையாகி, மல்லாந்து படுக்கவும் முடியாமல், மூச்சு வாங்கியபடி ஒருமுறை கேட்டாள்: "வெங்காயம் போட்டு வறுத்துத் தாம்மா."

"என்னத்தடி?" அம்மா தெரிந்தும் கேட்டாள்.

"கூனிதான். சும்மா சொல்லும்மா. எனக்குப் பழகிப்போச்சு."

அம்மா ஓடிப்போய் வாங்கிவந்து வறுத்தாள். ஒரு வாய்க்குமேல் செல்வியால் விழுங்க முடியவில்லை. அந்த ஐப்பசி மழையில் போய்விட்டாள்.

இப்போது அப்பாவும் அம்மாவும் இல்லை. நாங்கள் இருந்த ஓட்டு வீட்டை இடித்து யாரோ கடை கட்டியிருக்கிறார்கள். செல்வியை ஒரு புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை. அவள் முகத்தை என் பிள்ளைகளுக்குச் சொல்ல முயல்கிறேன்; வரவர எனக்கே சரியாகத் தெரிவதில்லை.