சுண்ணாம்பு குடித்த வண்டி தூத்துக்குடி போன கதை

வண்டி பழுது பார்க்கும் கடைக்கு வருகிற எல்லா வண்டியும் நேற்று வரைக்கும் நன்றாக ஓடிய வண்டிதான்.

அப்படித்தான் சொல்வார்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நடுரோட்டில் நின்றுபோன வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்து, டேங்குக்குள் வாயை வைத்து ஊதிப் பார்த்து, சோக்கை இழுத்து இழுத்துக் கால் கடுக்க உதைத்து, கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியே வந்து சேர்ந்த பாவப்பட்ட கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்றால், நாம் ஒரே ஜாதி. உத்தமபாளையத்தில் கம்பம் ரோட்டை ஒட்டி நான் பட்டறை போட்ட நாள் முதலாகப் பார்க்கிறேன். நிற்கிற வண்டிகளில் முக்கால்வாசி, பெட்ரோலோடு உள்ளே போன அழுக்கினால்தான் நிற்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் ஆள் கிடையாது. பிளக்கைச் சொல்வார்கள், செயினைச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரன் கண் பட்டுவிட்டது என்றுகூடச் சொல்வார்கள்.

கிண்ணத்தில் சுண்ணாம்பு

செல்போன் எல்லார் கைக்கும் வந்து சேராத காலம். ஆனைமலையன்பட்டி சுருளி அண்ணன் ஒரு மத்தியான வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். திராட்சைத் தோட்டக்காரர். கார்புரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி படிந்திருந்தது. கிண்ணத்தில் துருவைப் பார்த்திருக்கிறேன், தண்ணீரைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை செத்த எறும்புகளைக்கூடப் பார்த்திருக்கிறேன். வெற்றிலைக்குத் தடவுகிற பதத்தில் ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. கொடிக்கு மருந்தடிக்கிற மிஷினுக்காக அண்ணன் பெட்ரோலை மொத்தமாக வாங்கித் தோட்டத்தில் வைத்திருந்தார். வண்டிக்கும் அதிலிருந்தே ஊற்றிக்கொள்வார். வைத்திருந்தது எந்தக் கேனில் தெரியுமா? சுண்ணாம்பு கரைக்கிற கேனில். எங்கள் பக்கத்துத் திராட்சைக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்துதான் கொடிக்கு அடிப்பார்கள். கழுவிய கேன்தான் என்று அண்ணன் சத்தியம் செய்தார். கழுவினாலும் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த சுண்ணாம்பு பெட்ரோலில் பொடிப்பொடியாக உதிரும், உதிர்ந்தது ஊசிமுனை அளவு ஓட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினேன். எனக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னையே திருப்பிக் கேட்டார்:

"கொடிக்கு வந்த நோயவே தீர்க்கிற மருந்து பாய் அது. வண்டிக்கு மட்டும் எப்பிடி நோயக் குடுக்கும்?"

ஆண்டிபட்டிக் கணவாய்

அடுத்த தடவை சுருளி அண்ணன் மனைவியோடு வந்தார். பேச்சியம்மா அக்கா. கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். "தூத்துக்குடி வரைக்கும் போகணும் பாய். வழியில நிக்காத மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார் அண்ணன். அவ்வளவு தூரத்துக்கு இந்த வண்டியா, பஸ் இல்லையா என்று கேட்டேன். பஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோய்விட்டார்.

ஒரே மகள் செல்வியைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மறுவீட்டுக்குப் பஸ்ஸில் கிளம்பி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுவதற்குள் அக்கா குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, நடுவழியில் இறங்கி, திரும்பவும் ஏற மாட்டேன் என்று ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாராம். மாத்திரை போட்டுப் பார்த்தாயிற்று. கார் வைத்தும் பார்த்தாயிற்று, கதவைச் சாத்தினாலே குமட்டல். அதனால் மகள்தான் பொங்கலுக்குப் பொங்கல் இங்கே வந்துபோய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் மாசமாக இருந்தாள். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்புப் போட்டு அழைத்து வந்துவிட வேண்டும். ஆனால் அசையவே கூடாது, படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று அங்கே டாக்டரம்மா சொல்லிவிட்டார். போனில் பேசும்போதெல்லாம் மகள், "நீ பக்கத்துல இல்லாம எனக்குப் பயமா இருக்கும்மா" என்று அழுகிறாளாம். அக்காதான் இதையெல்லாம் சொன்னார். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

மோட்டார் சைக்கிள் மட்டும் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். சுருளி அண்ணன் சட்டென்று திரும்பிச் சுவரில் தொங்கிய டியூப்களை ஆராய ஆரம்பித்தார். அக்கா கூச்சப்படாமல் சொன்னார்:

"மூஞ்சில காத்து அடிக்கணும் தம்பி. இவுக முதுகுல சாஞ்சுக்கிட்டேன்னா எனக்கு ஒண்ணுஞ் செய்யாது."

சைலன்ஸர் ஓட்டை

டேங்கைத் தனியாகக் கழற்றினேன். கொஞ்சம் பெட்ரோலும் ஒரு கைப்பிடி பழைய நட்டுகளும் உள்ளே போட்டு, வாயை அடைத்து, நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். முதலில் வந்தது மீன் குழம்பு நிறத்தில் வந்தது. குலுக்கிக் குலுக்கிக் கொட்டியதில் ஒருவழியாகத் தெளிந்தது. பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பை மாற்றினேன். பெட்ரோல் டியூபின் நடுவே ஒரு சின்னப் பில்டர் போட்டேன். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் காகிதம் மடிப்பு மடிப்பாக இருக்கும். அழுக்கு வந்தால் வெளியிலிருந்தே தெரியும். அண்ணன் அதைத் தோட்டத்து முதல் குலையைப் பார்ப்பது போலக் குனிந்து குனிந்து பார்த்தார்.

பிறகு உபதேசம். வியாபாரம் ஓடுகிற பங்க்கில் மட்டும் போடுங்கள், நாள்பட்ட பெட்ரோல் வேண்டாம். லாரி வந்து பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தால் அடியில் கிடக்கிற கசடு கலங்கியிருக்கும், அடுத்த பங்க்குக்குப் போங்கள். பெட்டிக்கடையில் பாட்டிலில் விற்பதைத் தொடாதீர்கள். ரிசர்வ் வரைக்கும் காயவிடாதீர்கள். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பக்கத்து வெல்டிங் பட்டறை ராஜு சும்மா இருக்க மாட்டாமல், "அண்ணே, சைலன்ஸர்ல ஓட்டை. படபடன்னு ஊரையே எழுப்புது. கொண்டாங்க, அடைச்சுத் தாரேன்" என்றான். அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனுஷன் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டார்:

"அது கெடக்கட்டும்ப்பா. சின்னதுலருந்தே நான் தெருமுனை திரும்பயிலேயே அப்பா வந்தாச்சுன்னு எம்மக வாசலுக்கு வந்துரும். சத்தம் மாறிப்போனா புள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

நிறைய பெட்ரோலும் நிற்கிற வண்டியும்

பொழுது விடிகிற நேரத்தில் கிளம்பினார்கள். அக்காவின் மடியில் ஒரு பை. உள்ளே கருப்பட்டி, நல்லெண்ணெய், பிள்ளைக்கு விரிக்கத் துவைத்து மடித்த பழைய வேட்டிகள். வானம் மூட்டமாக இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஒரு பொட்டுத் தூசி, ஒரு சொட்டுத் தண்ணி டேங்குக்குள்ள போகக் கூடாது. போச்சு, வண்டி நின்னுரும்" என்று மிரட்டி அனுப்பினேன். அண்ணனைவிட அக்காதான் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

முற்பகலில் ராஜுவின் பட்டறைக்குப் போன் வந்தது. சாத்தூருக்கு இந்தப் பக்கம் ஏதோ பூத்திலிருந்து சுருளி அண்ணன். "பாய், வண்டி நின்னு நின்னு போகுது." அவர் குரல் சரியில்லை. கேட்டால், சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். செல்விக்கு விடியற்காலையிலேயே வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. நான் கழற்றி மாட்டிய வண்டி. எங்கேயோ ஒரு ரோட்டோரத்தில் அந்த அக்கா எலுமிச்சம்பழத்தோடு நிற்கிறார். அங்கே ஆஸ்பத்திரியில் மகள் தனியாகப் பயந்துகொண்டு கிடக்கிறாள்.

பில்டரில் அழுக்கு தெரிகிறதா என்றேன். பளிச்சென்று இருக்கிறதாம், ஆனால் பெட்ரோல் கொஞ்சமாகத்தான் இறங்கி நிற்கிறதாம். டேங்கில்? "நெறையக் கெடக்கு. நிக்கயில மூடியத் தெறந்து பாத்துட்டு ஒதைச்சா ஒடனே எடுக்குது. கொஞ்சத் தூரம் போயி மறுபடியும் நிக்குது." திறந்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது. எனக்குப் பொறி தட்டியது. "அண்ணே, மூடியில என்ன பண்ணுனீக?" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்சம் முணுமுணுப்பு. பிறகு அக்காவே போனை வாங்கினார். டேங்கின் வாயில் ஒரு பாலிதீன் தாளை இறுக்கமாக வைத்து அதன்மேல் மூடியைப் போட்டு அழுத்தியிருக்கிறார், ஊறுகாய் ஜாடிக்குச் செய்வதைப் போல. அண்ணன் திறந்து பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அக்கா மறக்காமல் துடைத்துத் திரும்பவும் வைத்திருக்கிறார். "ஒரு பொட்டுத் தூசி போகல தம்பி" என்றார் பெருமையாக.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூடியில் காற்றுக்கென்று பொடி ஓட்டை ஒன்று உண்டு. அதை அடைத்துவிட்டால் டேங்குக்குள் காற்று போகாது, பெட்ரோல் கீழே இறங்காது. "அக்கா, பால் டின்னுல ஒத்த ஓட்டை போட்டா பால் ஊத்துமா? காத்துக்கு இன்னொரு ஓட்டை போடுறீகள்ல? அந்த ஓட்டையத்தான் நீங்க அடைச்சு வச்சிருக்கீக. தாளை எடுத்துத் தூரப் போட்டுட்டு நேரா ஓட்டச் சொல்லுங்க" என்றேன். அப்புறம் அக்கா, யாரோ சொந்தக்காரருக்கு ஒன்று ஆகிவிட்ட மாதிரி சொன்னார்:

"அடப்பாவமே, இதுவும் என்னைய மாதிரிதானா? சாத்தி வச்சா இதுக்கும் ஆகாதா?"

யார் வந்தது

அதற்குப் பிறகு போன் வரவில்லை. நானும் ராஜுவும் அன்றைக்கு உருப்படியாக ஒரு வேலையும் பார்க்கவில்லை. ஓட ஆரம்பித்த வண்டிக்காரன் போன் பண்ண மாட்டான், அது எங்கள் தொழிலின் தலைவிதி. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சில நாள் கழித்து அண்ணன் மட்டும் ஒற்றையாக வந்து, பேத்தி பிறந்திருக்கிறாள், அக்கா பிள்ளைக்காரியோடு அங்கேயே தங்கிவிட்டார் என்று சொல்லி, என் வாயில் ஒரு லட்டைத் திணித்துவிட்டுப் போன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சில மாதம் கழித்து ஒரு காலையில் முன்னால் ஒரு காரும் பின்னால் படபடவென்று அந்த வண்டியும் பட்டறை வாசலில் வந்து நின்றன. காரில் செல்வியும் குழந்தையும். வண்டியில், அண்ணன் முதுகில் சாய்ந்தபடி அக்கா. கார் வழியெல்லாம் நின்று நின்று இவர்களுக்காகக் காத்திருந்து வந்ததாம். செல்விதான் நடந்ததைச் சொன்னாள். பிரசவ அறையில் மாமியார் கையைப் பிடித்திருந்தும் பயம் போகவில்லையாம். அப்போது ஜன்னலுக்கு வெளியே, ஆஸ்பத்திரி வாசலில், படபடவென்று ஒரு சத்தம். "யாருய்யா அது ஆஸ்பத்திரிக்குள்ள?" என்று நர்ஸ் சத்தம் போட்டாராம். "எங்க அப்பா வண்டி சிஸ்டர் அது, எங்கம்மா வந்தாச்சு" என்று இவள் அந்த வலியிலும் சொல்லியிருக்கிறாள். அக்கா ரோட்டுத் தூசியை அள்ளிப் பூசிய முகத்தோடு உள்ளே வந்து தலையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டதாம். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ராஜு வெல்டிங் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். அப்போது அவன் கையில் வெல்டிங் வேலை எதுவும் இல்லை.

எனக்கு வேறு வழி தெரியாமல் வண்டியைச் சோதிக்க உட்கார்ந்தேன். டேங்கு வாயில் தாள் இல்லை. பில்டர் மட்டும் தன் வேலையைச் செய்து கறுத்துப்போயிருந்தது. புதிதாக ஒன்றை எடுத்தேன். எடுத்த கையோடு, இத்தனை தூரம் ஓடிய வண்டியாயிற்றே, சைலன்ஸர் ஓட்டையையும் அடைத்துவிடலாமா என்று வாய்விட்டுக் கேட்டுத் தொலைத்தேன். பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அக்கா தட்டுவதை நிறுத்தினார்:

"வடிகட்டிய எத்தனை தடவ வேணாலும் மாத்துங்க தம்பி. அந்தச் சத்தத்துல மட்டும் கைய வச்சிராதீக."

ஆக, என் சக வண்டி தள்ளிகளே, டேங்குக்குள் அழுக்கு போகக் கூடாது, காற்று போக வேண்டும் என்கிற இரண்டு விஷயத்தில் முதல் பாதியை மட்டும் தொண்டை கிழியச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுபாதியைப் போனில் சொல்கிறவனுக்குப் பெயர்தான் மெக்கானிக்.