கையுறை கிழிந்த வாரம்

என் மகளின் பிடரியில், மயிர் தொடங்கும் இடத்தில், ஒரு சிவப்புத் தடம் இருக்கிறது. பிறந்த மூன்றாம் நாள் துடைக்கும்போது கண்டேன். அழுதால் சிவக்கும், உறங்கினால் வெளிறும். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான் மட்டும் ஆய்வுகூடப் பதிவுக் கொப்பியை எடுத்து நாள்களை எண்ணினேன்.

பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் உயிரியல் செய்முறை வகுப்புகளுக்கு உதவியாளராக இருக்கிறேன். வருடாவருடம் மாணவர்களுக்கு ஒரு பரிசோதனை செய்துகாட்டுவோம். பாண் மாவைப் புளிக்கவைக்கும் மதுவத்தை எடுத்து ஒரு இரசாயனத்தில் கொஞ்ச நேரம் வைப்போம். அது கலத்துக்குள் புகுந்து, டி.என்.ஏயின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் ஒரு சின்னத் துண்டை ஒட்டிவிடும். ஒட்டு விழுந்த குவானின், படியெடுக்கும் நேரத்தில் சைற்றோசினுக்குப் பதிலாகத் தைமினோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த முறை அந்தப் பிழையே சரியானதுபோலப் படியெடுக்கப்படும். அதுதான் விகாரம். அனேகமான விகாரங்கள் வெளியில் தெரிவதில்லை. அடினின் செய்ய உதவும் ஒரு மரபணுவில் விழுந்தால் மட்டும், வெள்ளையாக வளரவேண்டிய மதுவம் சிவப்பாக வளரும். சில நாளில் கிண்ணம் நிறைந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு சிவப்பு தெரியும்.

மகள் பிறப்பதற்கு முன் ஒரு முறை, அந்த இரசாயனத்தைக் கலந்து முடித்த பிறகுதான் என் கையுறையின் விரல் நுனி கிழிந்திருப்பதைக் கண்டேன். உடனே கழற்றி, சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கழுவினேன். நாங்கள் அக்கா என்று கூப்பிடும் ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் சொல்லவில்லை. கவனமில்லாதவள் என்று நினைப்பார் என்ற வெட்கம். மூன்று வாரம் கழித்துத்தான் கர்ப்பம் என்று தெரிந்தது. கொப்பியின்படி, கையுறை கிழிந்த அன்று பிள்ளை ஏற்கெனவே என் வயிற்றில்.

இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கேட்டேன்.

"மிஸ்ஸி, பிடரியில இந்தச் சிவப்பு என்னத்தால வாறது?"

"இதோ? கனக்கப் பிள்ளையளுக்கு இருக்கும். தோலுக்குக் கீழ இருக்கிற இரத்தக்குழாய்தான். அங்க வாங்கில இருக்கிற பிள்ளையளையும் பாருங்கோவன்."

"சும்மா போய்ப் பாக்க ஏலுமோ?"

"ஏன், கடிப்பினமோ?"

முறைக்காக வாங்கில் காத்திருந்த, கிண்ணியாவிலிருந்து வந்த தாய் ஒருவர் சிரித்துக்கொண்டே தன் மகனின் தொப்பியைக் கழற்றினார். அதே இடம், அதே சிவப்பு. "மூத்தவனுக்கும் இரிந்த. பொறகு போயித்து," என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இரசாயனம் படாத மதுவத்தையும் ஒரு கிண்ணத்தில் வளர்த்துப் பார்க்காமல், பட்டதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று மாணவர்களுக்குப் படிப்பிப்பவள் நான். படாத கிண்ணத்திலும் எப்போதாவது ஒரு சிவப்பு முளைக்கும். என் பிள்ளை விடயத்தில் நான் ஒரே கிண்ணத்தையே இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் வீடு வரும் வழியில் பயம் இடம் மாறியது. தடம் போனாலும், வெளியில் தெரியாத பிழை ஒன்று உள்ளே இருந்தால்?

அன்று பின்னேரம் கணவர் வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கும் தாங்கிகள் பக்கம் வேலை செய்கிறார்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஏசுவீங்கள் எண்டு."

"ஏசத்தான் போறன். கொஞ்சம் பொறும்." கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார். "பிள்ளைக்கு ஏதும் நடந்திருக்குமோ?"

"பெரும்பாலும் இல்லை. கையில பட்டதோ எண்டும் தெரியாது. ஆனா நிச்சயமாச் சொல்ல ஏலாது."

"நான் ஒவ்வொரு நாளும் டீசல் மணக்க வாறனான். என்னையும் உம்மட கொப்பியில எழுதினனீரோ?"

எழுதவில்லை. அவரைப் பற்றி ஒரு தடவைகூட யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"சரி, நடந்ததை விடும். லீவு முடிஞ்சு போனா அதைத் திரும்பவும் தொடுவீரோ?"

மகள் சிணுங்கத் தொடங்கினாள். அவரிடமிருந்து வாங்கிப் பால் கொடுத்தேன்.

மறுநாள் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கையுறையை எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேன் என்று அவர் கேட்டார். பிறகு, "கிழிஞ்ச அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். அந்தப் பெட்டியில மிச்சக் கையுறையளும் பழுதோ எண்டு பாத்திருப்பன். இனிப் பால் குடுக்குமட்டும் நீர் மதுவம் வளர்க்கிற ஏகரைக் காய்ச்சும். அந்த இரசாயனத்தை நான் பாக்கிறன்," என்றார். குரலில் கோபம் இருந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

வேலைக்குத் திரும்பிய பிறகு அந்தப் பரிசோதனை வந்தது. மாணவிகள் யாரிடமும் "கர்ப்பமோ?" என்று நேரே கேட்க முடியாது. ஆகவே தொடங்குவதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னேன்: விரும்பாதவர்கள் காரணம் சொல்லாமல் விலகி நிற்கலாம், செய்முறைப் புள்ளி குறையாது. ஒரு மாணவி எழுந்து யன்னல் பக்கம் போய் நின்றாள். நான் அவளுக்கு ஒரு கதிரை கொண்டுபோய்ப் போட்டேன்.